தந்தை போர்முனையில், விளக்கு வீட்டில்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், ஏலமலைச் சரிவை மேற்கே நோக்கியவாறு அமைந்திருக்கிறது நம் சிலமலை. மலைமேல் ஏலத்தோட்டக் கூலி, மலையடியில் பண்ணை வேலை, மழை பொய்த்தால் பஞ்சம் என்பதே நம் முன்னோரின் வாழ்க்கைக் கணக்கு. அந்தக் கணக்கில் சேராத ஒரு வேலையும் அவ்வப்போது வாசலில் வந்து நின்றது. அதுதான் பட்டாளம்.

போர்களைப் பற்றிய நூல்கள் தளபதிகளைப் பேசும், படைப்பிரிவுகளைப் பேசும், வென்ற கோட்டைகளையும் இழந்த பாலங்களையும் பேசும். ஆனால் தந்தையைப் போருக்கு அனுப்பிவிட்டு, மாலைதோறும் அகல் விளக்கேற்றி, அவன் பேரைச் சொல்லிக் கும்பிட்ட வீட்டைப் பற்றி எந்த நூலும் பேசுவதில்லை. அந்த வீட்டிலும் ஒரு போர் நடந்தது. அங்கே பசியும் பயமும் பகைவர். நம்பிக்கை ஒன்றே படைக்கலம். ஒடுக்கப்பட்ட நம் சமுதாயத்தின் வீடுகளில் அந்தப் போர் இன்னும் கடுமையாய் நடந்தது. ஏனெனில் அவ்வீட்டுத் தாய்க்குக் கடிதம் படிக்கத் தெரியாது. அவள் நின்று கும்பிட ஊர்க்கோயிலின் கதவும் திறந்திருக்கவில்லை. நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அந்த வீட்டின் வரலாற்றை நம் இளைஞர் முன் வைப்பது கடமையெனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம்மவரும் படைத்தொழிலும்

தாழ்த்தப்பட்டோர் படைத்தொழிலுக்குப் புதியவர் என்று எண்ணுவது பிழை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே நம்மவர் சேர்ந்து பணியாற்றினர். 1780இல் தொடங்கப்பெற்ற பயனியர் கம்பெனிகளே பின்னர் ‘மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்’ என்ற புகழ்பெற்ற பொறியியற் படையாக வளர்ந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையில் பறையர் சமூகத்தினர் நெடுங்காலம் பெருந்தொகையினராய் இருந்தனர். பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், கண்ணிவெடி அகற்றுதல், படை முன்னேற வழி செய்தல் ஆகியவை இவர்தம் பணிகள். மற்றவர் நடந்து செல்லும் வழியை முதலில் சென்று அமைத்தவர் இவர்களே. ‘தம்பி’ என்ற தமிழ்ச் சொல்லே அப்படைவீரனுக்குச் செல்லப் பெயராய் நிலைத்தது.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘போர்க்குடி’ என்ற ஒரு கொள்கையை ஆங்கிலேயர் கைக்கொண்டனர். வடமேற்கு மாநிலத்தாரே வீரர், தென்னாட்டார் வீரரல்லர் என்பது அக்கொள்கை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாயிருந்து, பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தளபதியான இராபர்ட்ஸ் இக்கொள்கையின் முதன்மைப் பரப்புநர். தென்னாட்டுப் படைப்பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப் போரில் கிழக்காப்பிரிக்காவிலும் மெசபடோமியாவிலும் உழைத்துத் திரும்பிய மதராஸ் பயனியர்கள்கூட 1933இல் கலைக்கப்பட்டனர். சாப்பர்ஸ் மட்டும் எஞ்சினர்.

வேண்டும்போது அழைப்பதும் வேண்டாதபோது கழிப்பதும் பண்ணையில் மட்டும் நம்மவர் கண்ட வழக்கமன்று. பாசறையிலும் அதுவே நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபின் அழைப்பு மீண்டும் வந்தது. 1941-42இல் மதராஸ் ரெஜிமெண்டு மறுபடியும் உயிர் பெற்றது. மராட்டிய நாட்டில் 1941இல் மகர் ரெஜிமெண்டும், வடநாட்டில் 1943இல் சமார் ரெஜிமெண்டும் அமைக்கப்பட்டன. போரின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 இலட்சமாயிருந்த இந்தியப் படை, போர் முடிவில் 25 இலட்சமாகப் பெருகியது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் இவ்வளவு பெரிய படை வேறெங்கும் திரண்டதில்லை என்பர். சட்டத்தின் கட்டாயம் இல்லை என்பது உண்மையே. வயிற்றின் கட்டாயம் இருந்தது என்பதும் உண்மையே.

1939: திறந்த கதவும் மூண்ட போரும்

1939ஆம் ஆண்டின் இரண்டு நாட்களை நம் இளைஞர் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒன்று சூலை 8. அன்று காலை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் தமிழக அமைச்சராய் விளங்கிய கக்கன் உள்ளிட்ட நம்மவர் சென்று வழிபட்டனர். நூற்றாண்டுகளாய் அடைபட்டிருந்த கதவு அது. அதே ஆண்டு இராசாசியின் அமைச்சரவை ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டப் பாதுகாப்பும் தந்தது. அதற்கு முந்திய 1938ஆம் ஆண்டில், எம். சி. இராசா முயன்று கொணர்ந்த சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம், பொதுக்கிணறும் பொதுச்சாலையும் எல்லார்க்கும் உரியவை என்று அறிவித்திருந்தது.

மற்றொன்று செப்டம்பர் 3. அன்று பிரிட்டன் செர்மனியின்மீது போர் அறிவித்தது. இந்தியர் எவரையும் கேளாமல், இந்தியாவும் போரில் இறங்கியதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார்.

இவ்விரு நாட்களுக்கும் இடையே இரண்டு திங்கள்கூட முழுமையாய்க் கழியவில்லை. மதுரையில் பெருங்கோயில் திறந்தது. ஆனால் நாட்டுப்புறத்துச் சிறு கோயில்கள் பலவற்றின் வாசலில் பழைய வழக்கமே காவல் நின்றது. மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவை உரிமையாக்கிய சட்டம் 1947இல்தான், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்தது. ஆகவே 1939க்கும் 1945க்கும் இடையில் போருக்குச் சென்ற நம் தந்தை, எவர் நாட்டைக் காக்கச் சென்றானோ அவர்களின் கோயில் வாசலில் தன் மனைவி நின்று தனக்காக ஒரு கற்பூரம் ஏற்ற முடியுமா என்ற உறுதிகூட இல்லாமலே சென்றான். இதனை மனத்திற்கொண்டே அவ்வீட்டின் வழிபாட்டைக் காண வேண்டும்.

தண்டவாளமும் போருக்குப் போயிற்று

மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் இரயில் 1928இல் வந்தது. ஏலமும் மிளகும் காப்பியும் ஏற்றிச் செல்ல வந்த அந்த இரயில், மலையடி ஊர்களுக்கு வெளியுலகின் வாசலாயிற்று. போர் வந்தபின் நிகழ்ந்ததை இன்றைய இளைஞர் பலர் அறியார். 1942இல் அத்தண்டவாளமே போர்த் தேவைக்காகப் பெயர்த்து எடுக்கப்பட்டது. போர் முடிந்து பல்லாண்டு கழித்து, 1950களில்தான் அது மறுபடியும் போடப்பட்டது. அதன்பின் அகலப்பாதையாக்கும் பணிக்காக 2010இன் இறுதியில் நின்ற இரயில், 2023இல் போடிக்குத் திரும்பி வந்ததை நம் இளைஞர் கண்டனர்.

1942க்கு முன்னர்ப் பட்டாளத்திற்குப் போனவன் போடியில் இரயில் ஏறிப் போனான். அவன் போன வழியைக் கண்ணால் கண்டு, ‘இந்த இரயிலில் போனார், இதிலேயே வருவார்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தாய்க்கு இயன்றது. பின்னர் அந்த இரும்பு வழியும் போருக்குப் போயிற்று. எஞ்சியவை கரி வாயுவில் முக்கி முனகி ஓடிய பேருந்துகளும், கால்நடைப் பயணமுமே.

அந்த 1942 கொடிய ஆண்டு. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்குச் சரணடைந்த படையினரில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியர். மலேயாப் போர் முழுவதிலும் ஏறத்தாழ 60,000 இந்தியர் சிறைப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. அதனோடு பர்மா அரிசி வருவதும் நின்றது. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாய் வெளியேறினர். அரிசிக்குப் பங்கீடு வந்தது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் தட்டுப்பாடு வந்தது. விளக்கேற்ற எண்ணெய் தேடுவதே அரும்பாடாகிய காலத்தில், வேண்டுதல் விளக்கை அணையாமற் காப்பது எத்தகைய வைராக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடிதமும் மணியார்டரும்

போர்முனையிலிருந்து வீட்டுக்கு வந்தவை இரண்டு. ஒன்று கடிதம், மற்றது குடும்பத்திற்கென ஒதுக்கிய சம்பளப் பங்கு, மணியார்டராக.

கடிதத்தில் எழுதியவன் எங்கே இருக்கிறான் என்பது இராது. களத் தபால் நிலையத்தின் எண் மட்டும் இருக்கும். ஊர்ப்பெயர் எழுதினால் தணிக்கை அதிகாரி அதனை அழித்துவிடுவார். எரித்திரியாவின் கெரன் மலையில் இருப்பவனும், இத்தாலியின் காசினோ மலையில் இருப்பவனும், பர்மாவின் சேற்றில் நிற்பவனும் ‘நான் நலம், நீங்கள் நலமா’ என்றே எழுத வேண்டியிருந்தது. அவனுக்கும் எழுதத் தெரியாவிட்டால் கூடாரத்தில் எழுத்தறிந்த ஒருவன் எழுதித் தந்தான்.

இங்கே அதைப் படிப்பவர் யார்? எழுத்தறிந்தவர் இருந்த தெரு வேறு. நம் தெரு வேறு. பல ஊர்களில் தபால் நிலையமே நம்மவர் தடையின்றி நுழைய முடியாத தெருவில் இருந்தது. மனைவி கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு, படித்துச் சொல்லும் மனமுள்ள ஒருவரைத் தேடி நின்றாள். கணவன் தனக்கென்று எழுதியதைப் பிறர் வாய்வழி, பலர் நடுவே, கேட்டாள். சொல்ல நினைத்த மறுமொழியையும் பிறர் கைவழியே சொல்லி அனுப்பினாள். பிறர் கையால் எழுதப்படும் கடிதத்தில் எத்தனை சொற்களை ஒரு பெண் விழுங்கியிருப்பாள்!

மணியார்டரும் அவ்வாறே. எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அதற்கு எழுத்தறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கணவன் உயிரைப் பணயம் வைத்து அனுப்பிய பணத்தை மனைவி பெறுவதற்கு மூன்றாம் மனிதனின் கையெழுத்துத் தேவைப்பட்டது. அவன் நல்லவனாயின் நலம். அல்லனாயின் பணத்தில் ஒரு பங்கு பழைய கடனுக்கென்று அங்கேயே கழியும். எழுத்தறியாமை என்பது வெறும் குறையன்று. அது பிறர் கைக்குள் நம் கையைக் கொடுத்துவிடும் அடிமைத்தனம். இதனை வேறெவரினும் நன்கு உணர்ந்தவள் படைவீரனின் மனைவியே.

ஆகவே அவளுக்கு இடையாள் தேவைப்படாத ஒரே பேச்சு வழிபாடுதான். தெய்வத்திடம் சொல்ல எழுத்து வேண்டாம், சாட்சிக் கையெழுத்து வேண்டாம், தணிக்கையும் இல்லை. தபால் நிலையத்தில் விழுங்கிய சொற்களையெல்லாம் அவள் விளக்கின் முன் சொன்னாள். வேண்டுதலே எழுத்தறியாத வீட்டின் கடிதமாயிற்று.

நேர்த்திக்கடன்

நம் பகுதியின் வேண்டுதல் முறைகள் யாவரும் அறிந்தவை. மஞ்சள் துணியில் காசு முடிந்து விளக்கடியில் வைப்பது, குலதெய்வத்திற்குப் பொங்கல் நேர்வது, கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் கிடாய் நேர்வது, மாவிளக்கு எடுப்பது, முடிகாணிக்கை செலுத்துவது ஆகியவை அவை. சித்திரையில் முல்லையாற்றங்கரை வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்கும் கூட்டத்தை இன்றும் காணலாம். பெருங்கோயில் எதுவாயினும், ஒடுக்கப்பட்டோரின் வழிபாட்டிற்கு அது மட்டுமே இடமன்று. நம் தெருவின் மாரியும் காளியும் நம்முடையோர். வேப்பமரத்தடியில் நட்ட கல் நம்முடையது. வீட்டு மூலையில் எரியும் அகல் நம்முடையது. ஊர்க்கோயிலின் கதவு அடைபட்டதால் நம் தாய்மாரின் தெய்வம் அடைபட்டுவிடவில்லை.

கிறித்தவம் தழுவிய வீடுகளிலும் இதே தவம் வேறு வடிவில் நிகழ்ந்தது. 1834இல் மதுரையில் வேரூன்றிய அமெரிக்க மிஷனின் பணி நம் பள்ளத்தாக்கு வரை பரவியிருந்தது. அனுமந்தன்பட்டி பரிசுத்த ஆவி ஆலயமும் இராயப்பன்பட்டிப் பனிமய மாதா ஆலயமும் கத்தோலிக்க மக்களுக்குப் புகலாய் விளங்கின. மாலையில் குடும்ப செபம், செபமாலை, வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை என்று அவ்வீடுகள் தந்தையை நினைந்தன. போர்க்காலங்களில் உலகெங்கும் படைவீரர் குடும்பங்கள் நாடிய 91ஆம் சங்கீதம் சீர்திருத்தச் சபை வீடுகளிலும் ஒலிக்கக் கூடியதே. ஆயினும் சில ஆலயங்களுக்குள்ளும் சாதி தனி வரிசை போட்டிருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. தெய்வத்தின் பேர் மாறிய இடத்திலும் தடுப்பு மாறாமல் நின்றது நம் வரலாற்றின் துயரம்.

இவையெல்லாம் மூடநம்பிக்கை அல்லவா என்று பகுத்தறிவு நெறியில் நிற்கும் நம் இளைஞர் சிலர் கேட்கலாம். கேட்பது நன்றே. வேண்டிய வீடுகள் யாவற்றிற்கும் தந்தை திரும்பவில்லை. வேண்டாத வீடுகளில் சிலவற்றிற்குத் திரும்பியதும் உண்டு. எனவே வேண்டுதலால் குண்டு விலகிற்று என்று வரலாறு எழுதுவோன் சொல்ல மாட்டான். ஆனால் வேண்டுதல் அவ்வீட்டில் என்ன செய்தது என்பதைக் காணாமல் கடந்து போகவும் மாட்டான். மாலையில் விளக்கேற்ற வேண்டும் என்ற ஒழுங்கு, நாள் முழுதும் வேலைக்காட்டில் சோர்ந்தவளை மீண்டும் எழச் செய்தது. பிள்ளைகளை ஓரிடத்தில் அமர்த்தியது. தந்தை முகம் மறந்துபோன கடைக்குட்டிக்கும் அவன் பேரை நாள்தோறும் கற்பித்தது. அப்பத்தாளும் அம்மாச்சியும் அண்டை வீட்டுப் பெண்களும் கூடி நிற்க ஒரு காரணம் தந்தது. கூடி நின்றவர்களுக்குள் ஒருபடி சோளமும் ஒருபிடி கேழ்வரகும் கைமாறின. வழிபாடு அவ்வீட்டின் முதுகெலும்பாயிற்று.

அதனினும் கடுமையானது ‘காணவில்லை’ என்ற தந்தி. சிங்கப்பூரில் சிறைப்பட்டோரின் பட்டியல் உடனே வரவில்லை. கடிதம் எழுத அவர்களுக்கு வாய்ப்பு மிக அரிதாகவே கிட்டியது. பல்லாயிரவர் நியூகினி, நியூபிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டுப் பசியாலும் நோயாலும் மாய்ந்தனர். வீட்டுக்கு வந்ததோ ஆங்கிலத்தில் ஒரு வரி. இறந்தான் என்றும் இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை. தாலியைக் காப்பதா, கழற்றுவதா? பொட்டு இடுவதா, அழிப்பதா? ஊர் ஒன்று சொல்லும். உறவு ஒன்று சொல்லும். அந்நிலையில் ‘அவர் வருவார்’ என்று தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்பது ஒரு பெண்ணின் தீர்மானம். மூன்றரை ஆண்டுகள், சிங்கப்பூர் வீழ்ந்ததிலிருந்து 15-8-1945இல் சப்பான் பணிந்த செய்தி வரும் வரையில், அந்தத் தீர்மானத்தில் நின்ற வீடுகள் தமிழகத்தில் எத்தனையோ. நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிட அழுத்தமான பொருளை அகராதியில் காண முடியாது.

துர்க்கையம்மாள் பெற்ற பதக்கம்

போர்முனைக்குப் போன தமிழ்த் தந்தையர் வரிசையில் ஒரு பேரை உலகம் அறியும். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸின் 11ஆம் கம்பெனியில் இத்தாலியில் பணியாற்றினார். 24-2-1944 அன்று மிக்னானோ என்ற ஊருக்கருகே கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, உடனிருந்த வீரர் ஒருவரின் காலடியில் ஒரு வெடி தூண்டப்பட்டது. அது வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் அதனை மூடினார். அவர் மாண்டார், அருகிலிருந்தோர் பிழைத்தனர். ஜார்ஜ் சிலுவை என்னும் உயர் விருது இந்தியர் ஒருவருக்கு முதன்முதலில் வழங்கப்பட்டது அவருக்கே. அவருடைய நினைவு இத்தாலியின் சாங்ரோ ஆற்றங்கரை நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

அவ்விருதை 1945இல் டில்லியில் வைசிராய் வேவல் கையிலிருந்து பெற்றுக்கொண்டவர் அவருடைய துணைவியார் துர்க்கையம்மாள். அந்தக் காட்சியை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். சாம்ராச்சியத்தின் தலைநகரில், பதக்கங்கள் அணிந்த தளபதியர் நடுவே, தமிழ்நாட்டுச் சிற்றூரின் பெண் ஒருவர் நிற்கிறார். வெடியின்மேல் பாய்ந்தவரின் வீரத்தைப் பாராட்டுரை கூறியது. அவர் புறப்பட்ட நாள்முதல் வீட்டைத் தாங்கி நின்றவரின் வீரத்தைக் கூறும் பாராட்டுரை இன்னும் எழுதப்படவில்லை. துர்க்கையம்மாளின் பின்னால் பதக்கமில்லாத பல்லாயிரம் பெண்கள் நிற்கின்றனர். நம் அப்பத்தாள்களும் அம்மாச்சிகளும் அவர்களே.

அண்ணலின் வீடு காட்டும் வழி

படைவீரனின் வீடு எவ்வாறு கல்வியின் வீடாகும் என்பதற்கு நமக்குக் கிடைத்த பெருஞ்சான்று அண்ணல் அம்பேத்கரின் இல்லம். அவர்தம் தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் தலைமையாசிரியராயும் இருந்தவர். கபீர் நெறியைப் பின்பற்றிய அவ்வீட்டில் நாள்தோறும் வழிபாடு தவறியதில்லை. பிள்ளைகளின் படிப்பும் தவறியதில்லை. கம்பெனிக் காலத்துப் படையில் வீரர்தம் ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் கல்வி கட்டாயமாயிருந்ததை அண்ணல் எடுத்துக்காட்டி, மகர் மக்கள் விழித்தெழ அது வழிசெய்தது என்று விளக்கினார். 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படைக்கதவு அடைக்கப்பட்டபோது அக்கல்விக் கதவும் உடன் அடைபட்டது. அக்கதவைத் திறக்கச் சொல்லி இராம்ஜியின் தலைமுறை விண்ணப்பம் எழுதியது. அவர் மகன் தலைமுறை போராடித் திறந்தது.

அவ்வில்லத்தில் வழிபாடும் கல்வியும் ஒரே விளக்கொளியில் நடந்தன. கும்பிட்ட கை அதே இடத்தில் புத்தகத்தை விரித்தது. நம் வீடுகளில் விளக்கு இருந்தது, புத்தகம் இல்லை. அந்த ஒன்றே நமக்கும் விடுதலைக்கும் இடையிலிருந்த தூரம். 1946இல் பெங்களூரில் படைவீரர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கப்பட்டது உண்மையே. ஆனால் மலையடிச் சிற்றூரின் பிள்ளை அங்குச் செல்வதற்கும் முதலில் ஒருவர் விண்ணப்பம் எழுதித் தர வேண்டுமே!

கல்லில் எண், வீட்டில் பேர்

1917இல் அமைக்கப்பட்ட போர்க்கல்லறை ஆணையம், மாண்ட வீரர் அனைவரையும் பதவியும் இனமும் பாராது ஒன்றுபோல் நினைவுகூர்வதாக உறுதி கூறியது. ஆயினும் முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் மாண்டோர்க்கென எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனைபேர் என்று எண்ணிக்கையால் குறிக்கப்பட்டனர். ஆப்பிரிக்க, ஆசிய வீரர்க்கு அக்காலத்தில் சமநீதி செய்யப்படவில்லை என்பதை அவ்வாணையமே 2021இல் அறிக்கையாக வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது.

இதனைப் படித்தபோது எனக்கு விளங்கிய உண்மை ஒன்று உண்டு. பேரரசு கல்லிலே ஒரு மனிதனை எண்ணாக்கியது. அதே நாட்களில் எங்கோ ஒரு குடிசையில் அகல் விளக்கின் முன் ஒரு பெண் அவன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வழிபாடு அவனுடைய உயிரைக் காத்ததோ இல்லையோ, அவன் பேரைக் காத்தது. நம் சமுதாயத்தின் முதல் ஆவணக் களரி அந்த விளக்கடியே.

இரண்டாம் உலகப் போரின் நினைவுச் சின்னங்கள் பேர்களைத் தாங்கியுள்ளன. இரங்கூனுக்கருகே தௌக்கியானில் ஏறக்குறைய 27,000 பேரும், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேற்பட்டோரும் பொறிக்கப்பட்டுள்ளனர். ஆணையத்தின் பதிவேட்டில் பல வீரர்க்கு எதிரே இன்னாரின் மகன், இன்னாளின் கணவன், இன்ன ஊர், மதுரை மாவட்டம் என்ற குறிப்பும் உண்டு. எழுத்தறியாத நம் தாய்மாரின் பேர் உலகப் போர் ஆவணத்தில் இடம்பெற்ற அரிய இடம் அதுவே. முதல் உலகப் போருக்குப்பின், இவ்வூரிலிருந்து இத்தனைபேர் சென்றனர், இத்தனைபேர் மாண்டனர் என்று பொறித்த சலவைக்கற்களும் தமிழகத்தின் பல ஊர்களில் நடப்பட்டன. அவற்றையும் தேடிச் சென்று காண வேண்டும்.

விடுதலைக்குப்பின் 1962, 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களிலும், 1987 முதல் 1990 வரை இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையிலும் தமிழ் வீரர் பங்கு கொண்டனர். அக்காலத்து வீடுகளில் வானொலிச் செய்தியும், பின்னர்த் தொலைபேசியும் வழிபாட்டோடு சேர்ந்தன. கடிதத்தை மகளே படித்தாள். மணியார்டரில் மனைவியே கையெழுத்திட்டாள். அந்த ஒரு மாற்றத்தின் பெருமையை அளந்தறிய வேண்டுமாயின் 1942ஆம் ஆண்டின் வீட்டை நாம் மறக்கலாகாது.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் இளைஞர்களே! போர்க்காலத்தில் தந்தையை அனுப்பிவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் இன்று எண்பதும் தொண்ணூறும் கடந்த முதியோர். ஒவ்வொரு முதியவர் மறைவோடும் ஒரு பட்டாளக்காரனின் பேர் நம் தெருவிலிருந்து மறைகிறது. நம் வீட்டுப் பரண்களிலும் தகரப்பெட்டிகளிலும் ஒரு பழைய விடுவிப்புச் சான்று, ஒரு பதக்கம், களத் தபால் முத்திரை பதிந்த ஓர் உறை இருக்கக்கூடும். அவற்றைப் பழந்தாள்காரனிடம் எடைக்குப் போடாதீர். தேதியையும் படைப்பிரிவின் பேரையும் எண்ணையும் எழுதி வையுங்கள். முதியோரிடம் சென்று, உங்கள் தந்தை எங்குப் போனார் என்று மட்டும் கேளாதீர். அவர் போனபின் உங்கள் தாய் என்ன செய்தார், எங்கே கும்பிட்டார், கடிதத்தை யார் படித்தார் என்றும் கேளுங்கள். சிலமலையிலிருந்து தேவாரம் வரை, கோட்டக்குடியிலிருந்து போடிமெட்டு வரை இப்பணியை நம் கழக இளைஞர் மேற்கொண்டால், அடுத்த விழாமலரில் இக்கட்டுரைக்குப் பதிலாக ஒரு பேர்ப்பட்டியல் இடம்பெறும். அது இக்கட்டுரையினும் பன்மடங்கு மதிப்புடையது.

தந்தை திரும்பி வந்தால் தீச்சட்டி எடுப்பதாகவும் பொங்கல் வைப்பதாகவும் நேர்ந்துகொண்ட தாய்மார், வாய்விட்டுச் சொல்லாத ஒரு நேர்த்திக்கடனும் அவர்தம் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும். கடிதத்தைப் பிறர் கையில் கொடுத்து நின்ற ஒவ்வொரு நாளும், ‘என் பிள்ளையாவது இதைத் தானே படிக்க வேண்டும்’ என்று அவர்கள் எண்ணாதிருந்திருப்பரோ? தந்தையைப் பற்றிய வேண்டுதல் சிலர்க்குப் பலித்தது, பலர்க்குப் பலிக்கவில்லை. பிள்ளையைப் பற்றிய இந்த வேண்டுதலோ தெய்வத்தின் கையில் மட்டும் இல்லை. நம் கையில் இருக்கிறது. கால் நூற்றாண்டாய் இக்கழகம் மாலைப் பள்ளியிலும் விடுதியிலும் செலுத்தி வருவது அந்த நேர்த்திக்கடனையே.

அது இன்னும் முழுதாகச் செலுத்தித் தீரவில்லை. எழுத்தறியாத கடைசித் தாய் ஒருத்தி நம் தெருவில் இருக்கும் வரை தீரவும் தீராது. அவள் வீட்டு விளக்கடியில் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் வையுங்கள்.